அச்சில் வராத படம்

இந்த முறை ஆண்டு மலருக்குச் சின்ன வயதுப் பள்ளிக்கூட நினைவுகளை எழுதித் தரும்படி நம் சங்கத்தில் கேட்டபோது நீங்கள் எல்லோரும் கையை உயர்த்தினீர்கள். நான் உயர்த்தவில்லை. கூட்டம் என்றால் கோட்டுகள் தொங்கும் பக்கமாக ஒதுங்கி நிற்பவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எழுதுவதற்கு யாரும் என்னைப் பார்க்கத் தேவையில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டில் மறித்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதப் போனால் ஒரு பக்கம்கூடத் தேறாது. நான் எழுதப்போவது என்னுடைய மற்றப் பள்ளிக்கூடத்தைப் பற்றி. அது கனடாவுக்கு வந்த பிறகு ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த ஆங்கில வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

இது சின்ன வயது நினைவா என்று மலர்க் குழுவில் யாராவது கேட்டால், அவர் அந்தக் கதிரைகளில் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சிறுபிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும். திங்கள் முதல் அதே கதிரைகள் எங்களுக்கு. இருந்தால் முழங்கால் நாடியில் வந்து முட்டும். ரீச்சர் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. எங்களில் சிலருக்கு மகள் வயது. சரியாகச் சொன்னவர்களின் கொப்பியில் தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவார். கிழமை நாட்களைக் கைதட்டிப் பாட வைப்பார். கழிப்பறைக்குப் போவதென்றால் விரலை உயர்த்திக் கேட்க வேண்டும்.

"நான் பிள்ளை பெறவே ஒருத்தரிட்டையும் கேக்காமல் போனனான்," என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்த மன்னார் அக்கா. "இப்ப ஒண்டுக்குப் போகக் கைதூக்க வேண்டிக் கிடக்கு."

எனக்கு அந்த நட்சத்திரங்கள் பிடித்திருந்தன. சொல்ல வெட்கமில்லை. ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாசமும், சப்பாத்துகளோடு வந்த, பனி உருகத் தூவும் ரோட்டு உப்பு தரையில் காய்ந்து கிடப்பதும், ஹீற்றருக்கு மேல் வரிசையாகக் காயப்போட்ட கையுறைகளும் இப்போதும் எனக்கு அந்த நட்சத்திரங்களோடு சேர்ந்துதான் நினைவில் வரும்.

மூலையில் ஓர் இரும்பு அலுமாரி நின்றது. தாள்கள், நிறப் பென்சில்கள், சோதனைப் பேப்பர்கள் எல்லாம் அதற்குள். இடைவேளைக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலும் அங்கேதான். வாய் திறக்காமல் எல்லோருக்கும் தேநீர் ஊற்றுபவள் என்பதால் ரீச்சர் அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பை என்னிடம் தந்திருந்தார். அதுவும் ஒரு நட்சத்திரம் மாதிரித்தான் எனக்கு இருந்தது.

குளிர்காலம் முடியும்போது ஒரு சோதனை வரும். சித்தியடைந்தால் அடுத்த வகுப்பு. இல்லையென்றால் இடம் போய்விடும். அந்த இடத்துக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

அந்த இடம் எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வருத்தம் இருந்தது, பெண்களுக்கு வருகிற நோய். டொக்டரிடம் போகிற நாளில் பன்னிரண்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்துக் கூட்டிக்கொண்டு போவேன். டொக்டர் கேட்பதை அவள் எனக்குச் சொல்லுவாள். நான் சொல்வதை அவருக்குச் சொல்லுவாள். சில கேள்விகள் வந்ததும் அவள் நிலத்தைப் பார்ப்பாள்.

"அம்மா, ஹீ இஸ் ஆஸ்கிங்... எனக்கு உது தமிழில சொல்லத் தெரியாது."

தெரிந்திருந்தாலும் அதை ஒரு பிள்ளையின் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டேன். அதனால் பாதி வருத்தத்துக்குத்தான் மருந்து கிடைத்தது.

என் வீட்டுக்காரர் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். "இங்கிலீசு படிச்சுப் பாராளுமன்றத்துக்கே போகப்போறீர்?" என்று கேட்பார். "இந்தமுறை சித்தியடையாட்டில் பேசாமல் என்னோடை வேலைக்கு வாரும்." டொக்டர் விஷயத்தை நான் இவருக்கும் விளக்கவில்லை. எப்படி விளக்குவது?

ஆகவே சித்தியடைய வேண்டும். அதற்கு எப்படிப் படிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய பேப்பர் செய்ய வேண்டும். ஊரில் எந்தப் பிள்ளை படித்ததும் அப்படித்தான். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. எழுதி முடிந்ததும் கேள்வித்தாளையும் வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் சோதனை முடிந்து வெளியே வந்து, நீ எதற்கு என்ன எழுதினாய் என்று நின்று கதைக்காத தமிழரை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தின் எட்டாம் மாடியில் இருந்த பெண் முந்தின தடவை அந்தச் சோதனையை எழுதிச் சித்தியடைந்தவர். முழுப் பேப்பரும் அவர் தலைக்குள் இருந்தது.

சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கும் அறையில் கூடுவோம். நான், மன்னார் அக்கா, அதே வகுப்பில் படித்த, ஒருவருக்கொருவர் மைத்துனிமாரான இருவர். எட்டாம் மாடிக்காரி தோய்த்த சீலையை மடித்துக்கொண்டே சொல்லுவார்.

"நாலாம் பக்கத்தில ஒரு படம் வரும். ஒரு பார்க். நீட்டு வாங்கில ஒரு கிழவன் இருக்கிறான், தலையில தொப்பி. வாங்குக்குக் கீழ நாய். பக்கத்தில ஒரு மனிசி பிளாஸ்கில இருந்து தேத்தண்ணி ஊத்துறா. ரெண்டு பிள்ளையள் பந்து எறியினம்."

"தொப்பி என்ன நிறம்?" என்று கேட்டார் மன்னார் அக்கா.

"நிறத்தை ஆர் பார்த்தது?"

"நிறம் இல்லாமல் வசனம் எப்பிடி நீளும்? ரீச்சர் முழு வசனமெல்லோ கேப்பா."

அந்த நேரம் எங்கள் மெசின் நின்றது. சில்லறையை மிச்சம் பிடிக்க நானும் மன்னார் அக்காவும் இரண்டு வீட்டு உடுப்பையும் ஒன்றாகப் போடுவது வழக்கம். மூடியைத் திறந்தால் இவருடைய பெனியன்கள் எல்லாம் ரோஸ் நிறம். அடியில் மன்னார் அக்காவின் மகனுடைய சிவப்புத் தொப்பி சுருண்டு கிடந்தது.

மன்னார் அக்கா அதை எடுத்துப் பிழிந்தார். "சரி, கிழவன்ரை தொப்பி சிவப்பு. எழுதுங்கோடி."

யாரிடமும் பேனை இல்லை. வாயால்தான் எழுதினோம். 'த மான் இஸ் வெயரிங் எ ரெட் கப்' என்று ஒருவர் தொடங்க மற்றவர்கள் வாய்ப்பாடு சொல்வது மாதிரிச் சேர்ந்து சொல்லுவோம். உலர்த்தும் மெசின்களின் சூடு முதுகில் படும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்தப் படம் எனக்குள் தெளிந்துகொண்டு வந்தது. தேநீர் ஊற்றும் மனிசிக்கு நான் மூக்குத்தியும் போட்டுவிட்டேன். அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததால் எனக்குள் வைத்துக்கொண்டேன். நாயின் பெயர் என்ன என்று மைத்துனிமார் சண்டை பிடித்தார்கள்.

சோதனையன்று பேப்பர் கையில் சூடாக இருந்தது, அப்போதுதான் எங்கேயோ அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். மையின் வாசம் தூக்கலாக இருந்தது. எங்கள் ரீச்சரை உள்ளே விடவில்லை. தலைமை ஒபிசிலிருந்து ஓர் அம்மா வந்து காவல் இருந்தார்.

முதல் பக்கங்களை எழுதினேன். பஸ் நேர அட்டவணை, மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் எழுத்து, எல்லாம் எட்டாம் மாடிக்காரி சொன்னபடியே. நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு பெரிய பெட்டி போட்டிருந்தது. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை. கீழே, படத்தைப் பார்த்து முழு வசனங்களில் எழுதவும் என்று இருந்தது.

எனக்கு முன்னால் இருந்த சோமாலியப் பெண் விரலை உயர்த்தி, "நோ பிக்சர்," என்றார். காவல் இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே உதட்டில் விரலை வைத்தார். சோமாலியப் பெண் அந்தப் பக்கத்தில் ஒரு கோடு கீறிவிட்டுத் திருப்பினார். வேறு பலரும் அப்படித்தான்.

நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க் அங்கேதான் இருந்தது. கிழவன் இருந்தான். நாய் வாங்குக்குக் கீழே படுத்திருந்தது. அச்சுக்காரன் விட்டால் விடட்டும், எனக்குத் தெரியும்தானே. ஊரில் பேப்பரில் பிழை வந்தால் எழுதினவர்களுக்குப் புள்ளி போடுவார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். எழுதினேன். ஒரு வசனமும் குறைக்கவில்லை.

வெளியே வந்ததும் கோப்பிக் கடைக்குப் போனோம். நான்கு பேரும் அந்தப் பக்கத்தை எழுதியிருந்தோம்.

"அவங்கள் படத்தை மறந்துபோட்டாங்கள்," என்றார் மன்னார் அக்கா. "நாங்கள் மறக்கேல்லை."

அடுத்த கிழமை வகுப்புக்குப் போனால் கேத்திலைக் காணவில்லை. அலுமாரிக்கு முன்னால் ரீச்சர் நின்று உள்ளங்கையை நீட்டினார். திறப்பைக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எங்கள் நான்கு பேரையும் வைத்து மெதுவாக, கைகளாலும் கதைத்து விளங்கப்படுத்தினார். அச்சில் வராத படத்தை நாங்கள் நான்கு பேரும் சரியாக எழுதியிருக்கிறோம். படத்தோடு இருந்த அசல் பேப்பர் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பு என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை தலைமை ஒபிசிலிருந்து பெரியவர் ஒருவர் விசாரிக்க வருவார். எடுத்தது உண்மையென்றால் நான்கு இடமும் போய்விடும்.

அவர் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரியும். நீட்டிய கைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இவருக்கு அன்று பின்னேரம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"சொறி எண்டு மன்னிப்புக் கேட்டுப்போட்டு வாரும்."

"நான் எடுக்கேல்லையே."

"எடுத்தீரோ இல்லையோ எண்டு ஆர் கேட்டது? இந்த நாட்டில பஸ்ஸில காலை மிதிச்சவனும் சொறி, மிதிபட்டவனும் சொறி. ஒரு சொல்லில என்ன குறைஞ்சுபோகும்? எங்கடை சிற்றிசன்சிப் இன்னும் வரேல்லை. களவு எண்டு எங்கையாவது எழுதிப்போட்டாங்கள் எண்டால்?"

இவர் பயந்ததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அந்த நாட்களில் தபால்பெட்டியைத் திறக்கும் முன் இவர் ஒருமுறை கும்பிடுவார். ஆனால் சொல்லாத ஒன்றுக்குப் பாதி மருந்து வாங்கிக்கொண்டிருந்தவள் நான். செய்யாத ஒன்றுக்குச் சொறி சொல்லவும் வேண்டுமா?

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். நெடுத்த மனிதர். அந்தக் கதிரையைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் வாசலிலேயே எங்களை மறித்தார்.

"தங்கச்சியவை, நீங்கள் ஒண்டும் கதைச்சுக் குழப்பாதேங்கோ. நான் வடிவாச் சொல்லி முடிச்சுவிடுறன்."

பெரியவர் எங்கள் நான்கு தாள்களையும் மேசையில் பரப்பினார். அசல் படத்தையும் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் நான் அதை முதல்முதலாகக் கண்டேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கிழவன் அவ்வளவு கிழவன் இல்லை. கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம். பெரியவர் ஒவ்வொரு தாளாக விரலை வைத்து, "ரெட் கப், ரெட் கப், ரெட் கப், ரெட் கப்," என்று வாசித்தார். பிறகு நிறமே இல்லாத படத்தைத் தூக்கிக் காட்டினார். "வை ரெட்?"

மொழிபெயர்ப்பாளர் எங்களிடம் திரும்பினார். "ஏன் பேப்பரை எடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

"ஐயோ, எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ," என்றார் மன்னார் அக்கா.

அவர் பெரியவரிடம் திரும்பிச் சொன்னதில் எனக்கு விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை. கிராமத்துப் பெண்கள், படிக்காதவர்கள், மிகவும் சொறி, இனிமேல் செய்யமாட்டார்கள். எல்லாம் அந்த அறையில், அந்தக் கதிரைகளில் இருந்து நான் படித்த சொற்கள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இப்போது நினைக்கும்போது, அவரும் இந்த ஊரில் அந்த ஒரு சொல்லை வைத்தே கதவுகளைத் திறந்து வந்தவராக இருப்பார். எங்களுக்கும் அதையே இரவல் தந்தார். அன்றைக்கு அவ்வளவு பொறுமையாக நினைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. என் கை தன்பாட்டில் மேலே போனது. விரலை உயர்த்தினேன்.

பழக்கதோஷத்தில் ரீச்சர், "யெஸ்?" என்றார்.

எழும்பினேன். அந்தக் கதிரையிலிருந்து எழும்புவது லேசில்லை. "நோ," என்றேன். "நொட் சொறி. ஹீ ஆஸ்க், வை ரெட். ஐ நோ வை ரெட்."

மொழிபெயர்ப்பாளர், "தங்கச்சி," என்று மெதுவாக இழுத்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இருந்துவிடுவேன் என்று தெரியும். தெரிந்த சொற்களை எல்லாம் எடுத்துப் போட்டேன். வோஷிங் மெசின். சற்றடே. ஃபோர் லேடீஸ். லாஸ்ற் ஸ்ருடன்ற் டெல், வீ லேர்ன். பெனியனுக்கு ஆங்கிலம் வரவில்லை. என் சட்டையைத் தொட்டுக் காட்டி, "ஹஸ்பன்ட். இன்சைட். ஓல் பிங்க்," என்றேன்.

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மன்னார் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எழும்பி நின்று பேப்பரை முதல் கேள்வியிலிருந்து சொல்லத் தொடங்கினார், பஸ் அட்டவணையும் மருந்துப் போத்தலும் எல்லாம். மைத்துனிமார் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தும்வரை சொன்னார்கள். பிறகு அவர் ரீச்சரைப் பார்த்தார். தான் வந்த நாளிலிருந்து இதே பேப்பர்தான் என்றார் ரீச்சர் சின்னக் குரலில்.

நாங்கள் எடுக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்வதாகப் பெரியவர் சொன்னார். ஆனால் கேள்விகளை முன்கூட்டியே பாடமாக்கியதும் முறையில்லை. அதற்கு நான்கு பேரும் சொறி சொன்னால் இடங்களை விட்டுவிடலாம்.

இந்த முறை மொழிபெயர்ப்பாளர் ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னார். பிறகு தன் சொந்தக் குரலில், "சொல்லுங்கோ தங்கச்சி. ஒரு சொல்தானே," என்றார்.

மைத்துனிமார் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் சொல்லத் தயாராக இருந்தது முகத்தில் தெரிந்தது. டொக்டரின் அறையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மகள் எனக்குக் கண்முன் வந்தாள். சொன்னால் இடம் கிடைக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"படிச்சதுக்குச் சொறி சொல்லேலாது, அண்ணை," என்றேன் தமிழில். "ஐஞ்சாம் வகுப்போடை மறிச்சவை என்னை. இது நான் கேட்டு வந்து படிச்சது. உதை அப்பிடியே அவருக்குச் சொல்லுங்கோ. ஒண்டும் கூட்டாமல், ஒண்டும் குறைக்காமல். நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். கழுத்துப்பட்டியை ஒருமுறை தடவினார். பிறகு பெரியவரிடம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஐந்தாம் வகுப்பும் வந்தது. மறித்ததும் வந்தது. நான் ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

"படம் போடாமல் பேப்பர் தந்தவை முதல் சொல்லட்டும் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ," என்றார் மன்னார் அக்கா பின்னாலிருந்து.

அதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது போல எனக்குப் பட்டது.

பெரியவர் சொறி சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவர் தாள்களை அடுக்கினார். அடுக்கிய தாள்களை மேசையில் தட்டித் தட்டி நேராக்கினார். படக் கேள்வியை எல்லோருக்கும் நீக்கிவிட்டு மற்றக் கேள்விகளுக்கு மட்டும் புள்ளி போடச் சொல்லி ரீச்சரிடம் சொன்னார். அடுத்த தடவை வேறு பேப்பர் வரும் என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளர் வாசலில் திரும்பி எனக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ரீச்சர் அந்த இடத்திலேயே இருந்து எண்ணிப் பார்த்தார். மற்றக் கேள்விகளிலேயே நான்கு பேரும் சித்தியடைந்திருந்தோம். அவர் மேசை இலாச்சியிலிருந்து அலுமாரித் திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது. நல்ல பிள்ளை. அவருக்கு என்னில் இருந்த கோபத்தைவிடத் தன் வேலை போய்விடுமோ என்ற பயம் அதிகம் என்பது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு, "நோ, தாங்க்யூ," என்றேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் யாருக்கும் தேநீர் ஊற்றவில்லை. அந்தக் கேத்தில் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது இவர் வேலையால் வந்து கதவடியில் நின்றார். சப்பாத்துகூடக் கழற்றவில்லை.

"சொல்லிப்போட்டீரோ?"

"இல்லை."

"அப்ப வகுப்பு?"

"திங்கட்கிழமை இருக்கு. மேல் வகுப்பு."

இவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நான் குசினிக்குள் போய் அரிசியைக் கழுவினேன். மகள் வந்து, செவ்வாய்க்கிழமை டொக்டர் அப்பொயின்ற்மென்ற் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றாள். அன்று அவளுக்கு ஏதோ விளையாட்டுப் போட்டியும் இருந்தது.

"நீ பள்ளிக்கூடம் போ," என்றேன். "நான் தனியப் போறன்."

"அம்மா, ஆர் யூ ஷுவர்? அவர் கேக்கிறது விளங்குமே?"

"விளங்காட்டில் திருப்பிக் கேப்பன்."

செவ்வாய்க்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் போனேன். கதவைச் சாத்திவிட்டு டொக்டருக்கு முன்னால் இருந்தேன். பெரிய ஆட்களின் கதிரை. அவர் கேட்டார், விளங்காததைத் திருப்பிக் கேட்டேன். இவ்வளவு காலமும் விட்ட பாதியையும் சொன்னேன். எழுதத் தொடங்கிவிட்டதால் எதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் அந்த அறைக்குள் நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள். அது எனக்கும் டொக்டருக்கும் இடையில்.